துண்டுக்குள் இருந்த கை

நோய் என்னை வஞ்சிக்கவில்லை. அது சொல்லிவிட்டுத்தான் வந்தது. வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது சுண்ணக்கட்டி விரல்களிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. மாலைக்குள், கழுத்தைச் சுற்றி ஈரத்துணியை யாரோ இறுக்கிக் கட்டுவதுபோல் இருந்தது. படுக்கப் போகலாம் என்று நாற்காலியிலிருந்து எழ முயன்றபோது கால்கள் இருந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

அகரத்துப் பள்ளியொன்றில் நான் தமிழாசிரியை. மணம் செய்துகொள்ளவில்லை. திண்டுக்கல்லில் எனக்கென்று ஒரு சிறு வீடு உண்டு. உடன்பிறந்தவன் ஒரே தம்பி, மலைச்சாமி. அவன் ஆட்டுத் தரகன். வாரச்சந்தை நாளில் அய்யலூரிலும் மற்ற நாட்களில் ஊர் ஊராகவும் திரிந்து, விற்பவனையும் வாங்குபவனையும் ஒரு விலைக்குக் கொண்டுவந்து நிறுத்துவது அவன் தொழில். அவன் மனைவி செல்வி. என்ன நடந்தது என்று என்னோடு பணியாற்றியவர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். வாயில் கவ்விய குச்சியால் கைப்பேசியில் எழுத்து எழுத்தாகத் தட்டி இதை எழுதுகிறேன். பிழைகளை நானே திருத்திக்கொள்கிறேன்; அந்தப் பணியை யாரிடமும் விடுவதாக இல்லை.

திண்டுக்கல் மருத்துவமனையில் ஓர் இரவு வைத்துப் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே என்னைக் குழல் போன்ற ஒரு கருவிக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். அதற்குள் சம்மட்டி அடிப்பதுபோன்ற ஓசை. அசையக் கூடாது என்றார்கள். அசையக்கூடிய நிலையில் நான் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். பிறகு என்னைப் பக்கவாட்டில் சுருட்டிப் படுக்கவைத்து, இடுப்பெலும்புக்கு மேலே ஊசி செலுத்தித் தண்டுவட நீரைச் சொட்டுச் சொட்டாக எடுத்தார்கள். வெளியே நடைபாதையில் மலைச்சாமி கால்மாற்றி நின்றுகொண்டிருந்தான் என்று செல்வி பின்னர் சொன்னாள். உட்காரும்படி யார் சொன்னாலும் உட்காரவில்லையாம்.

நோயின் பெயர் தண்டுவட அழற்சி. மூளை இடும் கட்டளைகளை உடலெங்கும் கொண்டுசெல்லும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். வெளியிலிருந்து வரும் கிருமிகளோடு பொருத வேண்டிய உடலின் காவல், ஆள் தெரியாமல் அந்தக் கற்றையையே தாக்கி வீங்கச் செய்துவிடுகிறது. எனக்கு வீக்கம் கழுத்துப் பகுதியில். அதற்குக் கீழே கட்டளை எதுவும் போவதில்லை.

“ஒங்க உடம்பே ஒங்கள அடிச்சிருச்சு டீச்சர்,” என்றார் மருத்துவர். “காரணம் கேட்டீங்கன்னா எங்கிட்ட இல்ல.”

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

வீக்கத்தை அடக்கும் மருந்தைக் குருதிக்குழாய் வழியாக ஏற்றினார்கள். அது போதாமல், குருதியை வெளியே எடுத்து, அதிலுள்ள நீர்ப்பகுதியை மட்டும் பிரித்து அகற்றி, வேறு நீர் சேர்த்து உடலுக்குள் திரும்பச் செலுத்தினார்கள். தீவிரக் கண்காணிப்புப் பிரிவில், ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று காலையும் மாலையும் எண்ணச் சொல்வார்கள். மூச்சுத் தசைகள் களைக்கின்றனவா என்று அறிய அதுவே எளிய சோதனை. நாள்தோறும் என் எண்ணிக்கை குறைந்து, ஓரிடத்தில் நின்றது. உயிர் தப்பியது; ஆனால் வகுப்பறையின் கடைசி இருக்கைவரை எட்டிய குரல், அதன்பின் தலையணையைத் தாண்டவில்லை.

கழுத்தைத் திருப்ப முடிந்தது. தோள்களைச் சற்றே உயர்த்த முடிந்தது. மற்ற எல்லாவற்றையும் பிறர் செய்தார்கள். திண்டுக்கல்லுக்கு வெளியே, சோளக்காடுகளுக்கு நடுவில் இருந்த மறுவாழ்வு மருத்துவமனைக்கு என்னை மாற்றிய பிறகுதான் அது எத்தகைய வாழ்க்கை என்று உணர்ந்தேன். செல்வி தலை வாரிவிட்டாள். ஒரு செவிலி, நான் கேளாமலே, நாள்தோறும் என் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவாள். இவற்றை நான் மறக்கவில்லை. ஆனால் உணவு வேளையை என்னால் தாங்க முடியவில்லை.

ஊட்டுகிறவர்கள் தட்டைப் பார்ப்பதில்லை. பக்கத்துக் கட்டிலாரோடு பேசிக்கொண்டே ஊட்டுவார்கள். ஒரு வாய் மென்றுகொண்டிருக்கும்போதே அடுத்த கவளம் உதட்டில் வந்து காத்திருக்கும். “ஆ காட்டுங்க... இன்னுங் கொஞ்சம்... அம்புட்டுத்தான்!” என்று அங்கிருந்த பணிப்பெண் கொஞ்சுவாள். செல்வி ஊட்டினால், நான் விழுங்கும்வரை கண்ணிமைக்காமல் என் தொண்டையையே பார்ப்பாள். நான் வாயை மூடிக்கொள்ளத் தொடங்கினேன். பிடிவாதம் என்றார்கள். பிடிவாதம் பிடிக்க எனக்கு எஞ்சியிருந்த உறுப்பு அது ஒன்றுதான். உடல் மெலிந்தது; முதுகில் படுக்கைப்புண் வந்தது. இப்படியே போனால் மூக்கின் வழியே குழாய் செருகித்தான் உணவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் மெர்சி வந்தாள். பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆய்வு செய்பவள். என்னைத் தனி அறைக்கு மாற்றச் சொல்லி, கட்டிலருகே நிறுத்தும் தாங்கியில் பொருத்திய ஓர் எந்திரக்கையைக் கொண்டுவந்தாள். முழங்கைபோல் மடியும் இரண்டு மூட்டுகள், நுனியில் மூன்று விரல்கள், விரல்களுக்கு மேலே ஒரு சிறு ஒளிப்படக் கருவி. கைகால் இயங்காதவர்கள் பிறர் துணையின்றி உண்ணவும் பருகவும் முகம் துடைக்கவும் உதவுவதற்காகச் செய்தது.

“நீங்க சொன்னாச் செய்யும் மேடம். பிக், கிவ், ஸ்டாப். மூணே வார்த்தைதான்.”

“தமிழில் சொன்னால் செய்யாதா?”

அவள் சிரித்தாள். “எந்த வார்த்தை வேணும்னு சொல்லுங்க, ஏத்திரலாம்.”

கொணர், அருகே, நில் என்று மூன்று சொற்களைக் கொடுத்தேன். இனி என் வாழ்நாளெல்லாம் நான் இடப்போகும் கட்டளைகள் என்பதால் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் அது எதற்கும் உதவவில்லை. கொணர் என்றால் வெறும் காற்றைப் பற்றியது. நில் என்றால் குவளையைத் தட்டிவிட்டது. இரண்டொரு நாள் கழித்து, “ப்ரோக்ராம் மாத்திட்டோம் மேடம். ரூம்ல வேற ஆளு நின்னா கேமரா குழம்பிரும், கதவச் சாத்தியே வைங்க,” என்றாள் மெர்சி. கதவைச் சாத்தினார்கள். நோய் வந்ததற்குப் பின் முதன்முறையாக நான் ஓர் அறையில் தனியாக இருந்தேன்.

“கொணர்,” என்றேன். கை இறங்கி இட்டிலியில் ஒரு துண்டை எடுத்தது. “அருகே.” வாயருகே வந்து நின்றது. நான் வாய் திறக்கும்வரை பொறுத்திருந்தது. மென்று முடிக்கும்வரை அசையாமல் இருந்தது. அவசரமில்லை, கொஞ்சலில்லை, தொண்டையைப் பார்க்கும் கண்ணுமில்லை. அன்று தட்டில் இருந்தது முழுவதையும் உண்டேன்.

அதன்பின் நான் தேறினேன். எடை கூடியது, புண் ஆறியது, குழாய்ப் பேச்சு நின்றது. நாள்தோறும் காலையில் மலைச்சாமி எட்டிப் பார்த்து, “யாவாரத்துக்குக் கெளம்புறேன்க்கா,” என்று சொல்லிவிட்டுப் போவான். கதவு சாத்தப்படும். நானும் கையும் இருப்போம். யாருமற்ற அறையில் மனிதர் பேசுவதுபோல நானும் பேசத் தொடங்கினேன். எந்திரத்திடம் பேசுவதில் வெட்கமில்லை அல்லவா? ஒருநாள், வீக்கம் கழுத்தில் இன்னும் சற்று மேலே ஏறி அன்றே மூச்சை நிறுத்தியிருக்கலாம் என்று சொல்லி அழுதேன். நான் கட்டளை எதுவும் இடவில்லை. கை தானாகவே துண்டை எடுத்து என் கன்னங்களை ஒற்றியது. இவ்வளவு நுட்பமாகக் கற்றுக்கொண்டுவிட்டதே என்று வியந்தேன்.

மற்றொரு நாள் மலைச்சாமியைப் பற்றிச் சொன்னேன். அவன் அருகில் வந்தால் ஆட்டு வாடை. முகத்தை முழுவதும் திருப்பிக்கொள்ள முடியாதவளுக்கு அது பெரும் துன்பம். ஆனால் அவனிடம் எப்படிச் சொல்வது என்றேன். மறுநாள் அவன் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, கழுத்தெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு வந்து நின்றான்.

“என்னலே, பொண்ணு பாக்கப் போறியா?” என்று கேட்டேன்.

“சும்மாதேன்க்கா,” என்று சுவரைப் பார்த்தபடி சொன்னான். செல்வி மட்டும், “இந்த வயசுல இவருக்கு எவ பொண்ணு குடுப்பா மதினி? ஆடு வேணாக் குடுப்பாக,” என்றாள். மூவரும் சிரித்தோம். அவன் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டதை நான் கவனித்தேன்; பொருளை உணரவில்லை.

இந்த ஆய்வுக்குப் பொருளுதவி செய்பவர்கள் ஒருநாள் வந்தார்கள். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று நான் உண்பதைப் பார்த்துக் கைதட்டினார்கள். பிறகு உள்ளே வந்து, ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். “யாருடைய கையையும் எதிர்பாராமல் உண்கிறேன்,” என்று சொன்னேன். சொற்களை எண்ணிப் பார்த்துப் பேசுகிறவள் நான். அந்த வாக்கியம் பொய்யென்று அப்போது எனக்குத் தெரியாது.

செல்வி சிறுமலைப் பழம் கொண்டுவந்த நாளில்தான் எல்லாம் வெளிப்பட்டது. அதுவரை இட்டிலியும் சோறும் விளிம்பு உயர்ந்த தட்டில் வந்தன; அதற்குள் விரல்கள் என்ன செய்தன என்று படுத்திருந்த எனக்குத் தெரிந்ததில்லை. அன்று உரித்த வாழைப்பழத்தைத் தட்டின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான் கொணர் என்றேன். கை இறங்கியது. எடுப்பதற்கு முன் பழத்தின் நடுப்பகுதியை மெல்ல ஒருமுறை அழுத்தியது. சற்று நிறுத்தி, மறுமுறை அழுத்தியது. பிறகுதான் எடுத்தது.

அந்த அழுத்தலை நான் அறிவேன். சந்தையில் ஆடு வாங்குகிறவர்கள், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகுச் சதையை இப்படித்தான் இருமுறை பிடித்துப் பார்ப்பார்கள். முதல் பிடியில் ஆடு உடலை இறுக்கும். அது தளர்ந்தபின் பிடிக்கும் இரண்டாம் பிடியில்தான் உண்மையான சதை தெரியும். மலைச்சாமி ஆட்டை மட்டுமன்று, ரொட்டியை, தலையணையை, பிறர் வீட்டுக் குழந்தையின் தொடையைக்கூட இப்படிப் பிடித்துப் பார்க்காமல் விடமாட்டான். எத்தனையோ முறை அவன் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

பழம் என் வாயை நோக்கி வந்துகொண்டிருந்தது. நில் என்று நான் சொல்லவில்லை.

“மலைச்சாமி,” என்றேன். “பழத்தைக் கீழே வை.”

கை நின்றது. பிறகு, மிக மெதுவாகத் திரும்பிப் போய், பழத்தைத் தட்டில் வைத்தது.

அடுத்த அறை பழைய கட்டில்களைப் போட்டுவைக்கும் இடம் என்று சொல்லியிருந்தார்கள். அங்கிருந்துதான் அவன் வந்தான். வலக்கையில் கம்பிகள் ஓடிய கறுப்புக் கையுறை. காதில் கேட்புக் கருவி தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே திரையில் என்னைப் பார்த்தபடி அவன் கையை அசைத்தால் இந்த அறையில் எந்திரக்கை அதே போல அசையும். பின்னாலேயே செல்வி வந்தாள்.

“எம்புட்டு நாளா?” என்று கேட்டேன்.

“மெசினு கொவளையத் தட்டிவிட்டுச்சுல்லக்கா, அதுக்கப்புறந்தேன்.”

“நான் பேசுனதெல்லாம் கேட்டியா?”

செல்விதான், “கேட்டாத்தான மதினி கைய அசைக்க முடியும்? காதுல மாட்டிவிட்டாக,” என்றாள்.

“கொணர்னா என்னன்னு தெரியுமாலே ஒனக்கு?”

“மெர்சி சொவத்துல எழுதி ஒட்டுச்சுக்கா. கொணர்னா எடு. அருகேன்னா வாய்க்கிட்ட.”

நான் தேர்ந்தெடுத்த சொற்களை அந்த எந்திரம் ஒருநாளும் புரிந்துகொண்டதில்லை. நான் தனியாக இருந்த ஒரு பொழுதும் தனியாக இருந்த பொழுதன்று. என் அழுகையை என் தம்பி பார்த்திருக்கிறான். முந்தானை நழுவிக் கிடந்ததையும் பார்த்திருக்க வேண்டும். எந்திரம்தானே என்று நான் அதைப் பொருட்படுத்தாமல் இருந்திருக்கிறேன்.

“வெளியே போங்க ரெண்டு பேரும்.”

“அக்கா, செத்த நேரம் நாஞ் சொல்றதக் கேளு,” என்றான் மலைச்சாமி. கையுறையைக் கழற்ற மறந்து, அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்தான். என் தலைமாட்டில் எந்திரக்கை எழுந்து வெற்றிடத்தைத் துடைத்தது. “நீ யாரு கையிலயும் திங்க மாட்டேன்னுட்ட. மூக்குல குழாயப் போடுறேன்னாக. நா என்ன செய்ய? சந்தையில துண்டப் போட்டுத்தான கை குடுக்குறோம்? வெல கொறஞ்சு போச்சேன்னு நாலு பேரு முன்னாடி ஒருத்தன் தல குனியக் கூடாது, அதுக்குத்தான் துண்டு. அதுல என்ன களவு இருக்கு?”

அய்யலூரில் விலை வாய்விட்டுப் பேசப்படுவதில்லை. தரகன் தோள்துண்டை எடுத்து இருவர் கைகளின் மீதும் போர்த்துவான். அதற்குள் விரல்களைப் பற்றியும் அழுத்தியும் விலை சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. அவன் வாழ்வில் கற்ற மேன்மையான நாகரிகம் அதுதான். அதைத்தான் எனக்கும் செய்திருக்கிறான். இது எனக்குப் புரியாமலில்லை. புரிந்ததால் சினம் தணியவுமில்லை.

“துண்டுக்குள்ள ரெண்டு கை இருக்கும் மலைச்சாமி. என்ன நடக்குதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். இதுல ஒன் கை மட்டுந்தான இருந்துச்சு?”

அவன் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மெர்சி மாலையில் வந்தாள். என் குரலில் காற்று மிகுதியாகவும் ஒலி குறைவாகவும் இருந்ததால் கருவிக்கு விளங்கவில்லை; மனிதக் கையொன்று பலமுறை செய்து காட்டினால் அது பார்த்துப் பழகிக்கொள்ளும்; பழகும்வரை என்றுதான் தொடங்கினோம் என்றாள்.

“அன்னிக்கு வந்தவங்க முன்னாடி என்னைப் பேசவைச்சீங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீங்க சாப்பிடுறத நிறுத்திருவீங்கன்னு பயந்தோம் மேடம்.”

“யாரு பயந்தது? எந்தம்பியா, நீங்களா?”

வந்தவர்களிடம் நடந்ததைச் சொல்லி, நான் கூறிய வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுத் தர வேண்டும் என்றேன். சொல்வதாக ஒப்புக்கொண்டாள், சொன்னாளா என்று இன்றுவரை நான் அறியேன்.

எந்திரக்கை மூலைக்குப் போனது. நான் செல்வியின் கையால் உண்டேன். குழாய்க்கு அஞ்சித்தான் உண்டேன். அவள் என் தொண்டையைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். அதற்கு நன்றி சொல்லவேண்டும் என்று தோன்றியது, சொல்லவில்லை. மலைச்சாமி வாசலோடு நின்றுவிட்டுப் போவான்.

மூச்சுப் பயிற்சியால் என் குரல் சற்றுத் தேறியபின் மெர்சி மீண்டும் வந்தாள். இப்போது கருவி தானே இயங்கும் என்றாள். கையுறையை என் கண்முன்னே பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த அறையைத் திறந்து காட்டினாள். எனக்கு அது போதவில்லை. ஒருமுறை சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அறிந்தவள் நான்.

சந்தை நாள்வரை பொறுத்திருந்தேன். அன்று காலை, மலைச்சாமியின் கைப்பேசிக்கு அழைக்கும்படி மெர்சியிடம் சொன்னேன். அவன் குரலுக்கு முன்பே ஆடுகள் கத்துவது கேட்டது.

“அக்கா? என்னக்கா, ஒடம்புக்கு ஏதும்...”

“ஒண்ணுமில்ல. போன வைக்காத. அப்படியே நில்லு.”

“சரிக்கா.” பின்னால் எவரோ, “ஏப்பு, இந்தக் கெடா என்ன சொல்ற?” என்றார். “செத்தப் பொறுப்பா, அக்கா லைன்ல இருக்கு,” என்றான்.

நான் பார்க்கும்படி உயர்த்தி வைத்த தட்டில் இட்டிலி இருந்தது. மெர்சி கைகளைக் கட்டிக்கொண்டு என் பார்வையில் நின்றாள். “கொணர்,” என்றேன். எந்திரம் முதன்முறையாக என் சொல்லைக் கேட்டது. கை இறங்கியது. இட்டிலியை மெல்ல அழுத்தியது. சற்று நிறுத்தியது. மறுமுறை அழுத்தியது.

“மலைச்சாமி!” என் குரலுக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

“நான் இல்லக்கா! ஆத்தா மேல சத்தியமா நா சந்தையில நிக்கிறேன். ஆட்டுச் சத்தம் கேக்கலையா ஒனக்கு? நா இல்லக்கா அது.”

அவன் சொன்னது உண்மை. மெர்சி தயங்கித் தயங்கி விளக்கினாள். கருவி கற்றது முழுவதும் அவன் கையிலிருந்து. எடுப்பது எப்படி என்று அவன் செய்து காட்டியபோது, எடுப்பதற்கு முன் இருமுறை அழுத்த வேண்டும் என்பதையும் அது சேர்த்தே கற்றுக்கொண்டுவிட்டது. பழக்கத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்க இயலாது.

“வேணாம்னா மொத்தமா அழிச்சிரலாம் மேடம். ஆனா அப்புறம் அதுக்கு எதுவுமே தெரியாது. நீங்க தாடையால ஒரு குச்சிய அசைச்சு, ஒவ்வொண்ணா ஓட்டணும். மாசக்கணக்காகும். நெறையாச் சிந்தும். இது நல்லாத்தான் ஊட்டுது... யோசிச்சுச் சொல்லுங்க.”

கைப்பேசியில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியும். இம்முறை நான் அறியக் கேட்டுக்கொண்டிருந்தான். எந்திரக்கை இட்டிலியைப் பற்றியபடி, அடுத்த சொல்லுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது. அந்தப் பொறுமையும் அவனுடையதுதான்.

“அழிச்சிருங்க,” என்றேன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். எந்திரக்கையும் உடன் வந்திருக்கிறது. தாடைக்குக் கீழே ஒரு குச்சி. அதை அசைத்து நானே ஓட்டுகிறேன். தட்டை எட்டவே முதலில் பல நாட்கள் ஆயின. இட்டிலி மடியில் விழும், தரையில் விழும், சிலபோது மூக்கில் வந்து இடிக்கும். ஒருவேளை உணவு முடிவதற்குள் சாம்பார் ஆறிவிடுகிறது. வயிறு நிறையாத பங்கைச் செல்வி பின்னர் ஊட்டுகிறாள், ஊட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு.

சந்தையில்லாத நாட்களில் மலைச்சாமி வருகிறான். அவனோடு பேசுகிறேன், முன்போலன்று. அவன் உட்கார வேண்டிய இடத்தை நான்தான் சொன்னேன். எனக்கு எதிரே, சுவரோரம், இரண்டு கைகளையும் முழங்கால்களின்மேல் வைத்து, நான் பார்க்கும்படி உட்கார வேண்டும். அவன் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. பவுடர் வாடையோடு வந்து அப்படியே உட்காருகிறான்.

இன்று காலை இட்டிலித் துண்டு ஒன்று ஏறத்தாழ வாய்வரை வந்தது. உதட்டருகே எந்திர விரல்கள் தளர்ந்தன. துண்டு சரியத் தொடங்கியது. நான் குச்சியை அழுத்திக்கொண்டே, கண்ணை அவன் பக்கம் திருப்பினேன். முழங்காலின்மேல் அவன் வலக்கை விரல்கள் மெல்லக் கூடின. கூடியவை ஒருகணம் அப்படியே நின்றன. பிறகு அவன் இடக்கையை எடுத்து வலக்கையின்மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.

துண்டு என் மடியில் விழுந்தது. நான் மறுபடியும் குச்சியைத் தட்டின் பக்கம் திருப்பினேன்.